காகிதத்தின் ஈரம்: வாட்டர்கலரில் பருவங்களை வரைய ஓர் எளிய விளக்கம்

வாட்டர்கலர் பற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சு இரண்டு. ஒன்று, அது கையில் நிற்காது, தன் போக்கில் ஓடும், ஒருமுறை கெட்டால் திருத்தவே முடியாது என்பது. மற்றது, பருவத்தை வரைவதென்றால் நிறத்தை மாற்றினால் போதும் என்பது. கோடைக்கு மஞ்சள், மழைக்குச் சாம்பல், மார்கழிக்கு வெளிர்நீலம். இரண்டையும் நம்பித் தொடங்குகிறவர்கள் ஆறே மாதத்தில் பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். வருத்தமான விஷயம், ஏனென்றால் இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். தூரிகை தொடும் அந்த நொடியில் காகிதம் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குப் பார்க்கச் சொல்லித்தரவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஈரத்தைப் பற்றியது. முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பிறகு நம் ஊர் வெயிலையும் மழையையும் பனியையும் அதைக் கொண்டு எப்படி வரைவது என்று பார்ப்போம்.

வாசல் தெளித்துக் கோலம் போடுவது போல

காலையில் வாசல் தெளித்தவுடன், தண்ணீர் தேங்கி நிற்கும்போதே கோலமாவை இழுத்தால் இழை கரைந்து பரவிவிடும். வாசல் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டால் மாவு தரையைப் பிடிக்காது, காற்றில் பறக்கும். தண்ணீர் வடிந்து, தரை கருத்து, கால் வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரியும் ஒரு சமயம் உண்டு. அப்போது போட்ட கோலம்தான் மதியம்வரை நிற்கும். கோலம் போடுகிற யாரும் கடிகாரம் பார்த்து அந்த நேரத்தைக் கண்டுபிடிப்பதில்லை. தரையைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.

வாட்டர்கலருக்கும் தேவை அதே கண்தான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கோலத்துக்குச் சரியான ஈரம் ஒன்றே ஒன்று. வாட்டர்கலரில் ஒவ்வொரு ஈரமும் ஒவ்வொரு வேலைக்குச் சரி. கரைந்து பரவுவதும் நமக்கு வேண்டும். மூடுபனியை வேறு எப்படி வரைவது?

இன்னொரு வீட்டுக் காட்சி. டீ டம்ளர் வைத்த இடத்தில் சிந்திய வட்டம் காய்ந்ததும், நடுவில் வெளிறியும் ஓரத்தில் அடர்ந்த கோடாகவும் இருக்கும். துளியின் ஓரம் மெல்லியது, அதனால் அங்கே நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடும்போது தேயிலைத் துகளையும் சுமந்துபோய் அங்கே இறக்கிவிடுகிறது. காய்ந்த காகிதத்தில் வைத்த வாட்டர்கலர் திட்டின் ஓரத்தில் கருங்கோடு விழுவதற்கும் காரணம் இதுவே. நிறம் நீரோடு பயணிக்கிறது, நீர் ஈரம் குறைந்த பக்கமாக நகர்கிறது. மீதி விஷயம் எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து பிறக்கிறது.

வெள்ளை எங்கே இருக்கிறது

வாட்டர்கலரில் முக்கியமாக இருப்பவை இரண்டு: நுண்ணிய நிறத்துகள், அதைப் பிடித்து வைக்கும் பிசின். பிசின் அகேசியா மரத்திலிருந்து வருவது, நம் கருவேலம்பிசினுக்கு நெருங்கிய உறவு. தண்ணீரில் கரையும், காய்ந்தால் துகளைக் காகிதத்தோடு ஒட்டிவைக்கும், மறுபடி நனைத்தால் மறுபடி இளகும். காய்ந்த நிறத்தை ஈரத் தூரிகையால் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுக்க முடிவது இதனால்தான். இதற்கு ‘லிஃப்டிங்’ என்று பெயர். ஆகவே திருத்தவே முடியாது என்பது தவறு. அல்ட்ராமரீன் நீலம் பெரும்பாலும் எழுந்து வந்துவிடும். தாலோ நீலம் போல நார்க்குள் இறங்கிக் கறையாகிவிடும் சில நிறங்கள் மட்டும் முழுதாக வராது.

நிறம் மிக மெல்லிய படலமாக இருப்பதால் ஒளி அதைக் கடந்துபோய், கீழேயுள்ள வெள்ளைக் காகிதத்தில் பட்டுத் திரும்புகிறது. கண்ணாடி வளையலுக்குள் வெளிச்சம் வருவது போல. எனவே வெள்ளை என்று ஒரு நிறத்தைத் தேட வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சுவர், வேட்டி, பாத்திரத்தில் வெயில் மின்னும் இடம் எல்லாமே நாம் நிறம் வைக்காமல் விட்ட காகிதம். படம் வெளிச்சத்திலிருந்து இருட்டை நோக்கி நகர்கிறது. முதலில் மெல்லிய நிறங்கள், கடைசியில் அடர்ந்தவை.

பள்ளிக்கூடத்து வட்டத் தட்டு நிறங்களால் வந்த பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அவற்றில் மலிவான நிரப்புமாவு அதிகம், ஒளி கடப்பதில்லை. சாதாரண டிராயிங் நோட்டில் அவற்றைப் பூசிப் பார்த்துவிட்டு வாட்டர்கலர் என்றாலே மங்கல் என்று பலர் முடிவுசெய்துவிடுகிறார்கள். குறை அந்த நிறத்திலும் அந்தத் தாளிலும் இருக்கிறது, அவர்கள் கையில் இல்லை.

சுருக்கமாக: நிறம் நீரோடு நகர்கிறது, நீர் போகும்போது எங்கே விட்டதோ அங்கே தங்குகிறது. வெள்ளை, காகிதத்தினுடையது.

காகிதத்தின் நான்கு நிலைகள்

ஒரு நனைத்த தாளை ஜன்னலுக்கு எதிரே பிடித்து, கண்ணைத் தாளின் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் ஈரம் தெரியாது. சாய்வாகப் பார்த்தால்தான் பளபளப்பு தெரியும்.

முதல் நிலை, தேக்கம். தண்ணீர் காகிதத்தின் மேல் குளமாக நிற்கிறது. பலகையைச் சாய்த்தால் ஓடுகிறது. இப்போது நிறத்தை வைத்தால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தொடங்குகிறவர்கள் இந்த நிலையில்தான் அவசரப்பட்டுத் தூரிகையை வைக்கிறார்கள். ஓரங்களில் தேங்கியதைத் துணியால் ஒற்றிவிட்டுச் சற்றுப் பொறுக்க வேண்டும்.

இரண்டாவது, பளபளப்பு. குளம் இல்லை, ஆனால் முழுப் பரப்பும் ஒரே சீராக மின்னுகிறது. நிறம் வைத்தால் மெதுவாகப் பரவி, ஓரமே தெரியாமல் கரைகிறது. வானம், தூரத்து மலை, மூடுபனி எல்லாம் இந்த நிலையின் வேலை. ஈரக் காகிதத்தில் ஈர நிறத்தை வைக்கும் இந்த முறையை ‘வெட் ஆன் வெட்’ என்கிறார்கள்.

மூன்றாவது, மங்கல். பளபளப்பு போய், பட்டுத்துணி போல ஒரு மெல்லிய சாயல் மட்டும் மிஞ்சுகிறது. நார்களுக்குள் ஈரம் இருக்கிறது, மேலே இல்லை. கெட்டியான நிறம் வைத்தால் வடிவம் நிற்கும், ஓரம் மட்டும் மென்மையாகும். மழையில் தெரியும் மரம், பனிக்குள் நிற்கும் பனைமரம் இரண்டுக்கும் இதைவிட நல்ல நேரம் கிடையாது. அதேசமயம், ஆபத்து அதிகமுள்ள நிலையும் இதுதான். தண்ணீரான நிறத்தை இப்போது வைத்தால் கறை விழும். காரணத்தைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

நான்காவது, உலர்வு. புறங்கையால் தொட்டால் குளிர்ச்சியே இருக்கக் கூடாது. குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கண்ணுக்குக் காய்ந்தது போலத் தெரியும், அதை நம்பக் கூடாது. முழுக்கக் காய்ந்த தாளில் வைக்கும் நிறம் கூரான ஓரத்தோடு நிற்கும். இது ‘வெட் ஆன் டிரை’. காய்ந்த படலத்தின்மேல் இன்னொரு மெல்லிய படலம் வைப்பது ‘கிளேசிங்’. நீரே இல்லாத அளவுக்குத் துடைத்த தூரிகையைச் சொரசொரப்பான தாளில் படுக்கவைத்து இழுப்பது ‘டிரை பிரஷ்’. மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். பனையோலை, வைக்கோல், நீரில் மின்னும் வெயில் மூன்றும் இதில் சுலபமாக வரும்.

தூரிகையில் எவ்வளவு தண்ணீர்

காகிதத்தின் ஈரம் பாதிக் கதைதான். தூரிகை எவ்வளவு நீரைக் கொண்டுவருகிறது என்பது மீதி. இதை அளக்கச் சமையலறைக் கணக்கே போதும். தட்டைச் சாய்த்தால் சட்டென ஓடினால் அது நீர்மோர். பின்தங்கி ஓடினால் பால். மெதுவாக ஊர்ந்தால் தோசைமாவு. சாய்த்தாலும் அசையாமல் நின்றால் வடைமாவு.

வானத்துக்கு நீர்மோர். பொதுவான முதல் பூச்சுக்குப் பால். மங்கல் நிலைத் தாளில் வைக்கும் மரத்துக்குத் தோசைமாவு. கடைசியில் வைக்கும் ஜன்னல் கருப்பு, காக்கை, மின்கம்பி ஆகியவற்றுக்கு வடைமாவு. விதி ஒன்றே: காகிதம் காயக் காய நிறம் கெட்டியாக வேண்டும். ஈரத் தாளில் வைக்கும் இரண்டாவது நிறம், ஏற்கெனவே அங்கே இருப்பதைவிடத் தண்ணீராக இருக்கவே கூடாது.

அதை மீறினால் வருவதுதான் ‘ப்ளூம்’. காலிஃபிளவர் ஓரம் போல நெளிந்த கறை. மங்கல் நிலையில் பாதி காய்ந்த பூச்சின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், சொட்டு ஈரம் குறைந்த பக்கமாகப் பாய்கிறது, வழியிலுள்ள துகளை முன்னே தள்ளிக்கொண்டு போகிறது, தன் பலம் தீர்ந்த இடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நிற்கிறது. நடுவில் வெளிறல், ஓரத்தில் நெளிந்த கோடு. டீ வட்டத்தின் அதே கதை. பலரும் அதைக் கண்டவுடன் தூரிகையால் தேய்த்துச் சமன்செய்யப் பார்க்கிறார்கள், அதில் இன்னும் இரண்டு கறை கூடுகிறது. கைவைக்காமல் முழுக்கக் காயவிட்டு, பிறகு ஓரத்தை மட்டும் ஈரத் தூரிகையால் லிஃப்ட் செய்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

தூரிகையைத் தண்ணீரில் அலசியவுடன் நேராகத் தாளுக்குக் கொண்டுபோகாமல், மடித்த பருத்தித் துணியில் ஒருமுறை தொட்டுவிட்டுப் போவது இந்தக் கறைகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கும். இவ்வளவு சின்னப் பழக்கம் இவ்வளவு பலன் தருவது வேறெதிலும் இல்லை.

வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஈரத்தில் சரியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் இளைத்துத் தெரியும். ஈரமாக இருக்கும்போது ‘கொஞ்சம் கூடிவிட்டதோ’ என்று தோன்றும் அளவே சரியான அளவு.

சுருக்கமாக: தாளின் ஈரம், தூரிகையின் ஈரம் இரண்டையும் ஒப்பிட்ட பிறகே தொட வேண்டும். நீர் அதிகமுள்ள பக்கம் மற்றதைத் தள்ளும்.

கடிகாரம் ஏன் உதவாது

பயிற்சி வீடியோக்களில் ‘ஐந்து நிமிடம் காயவிடுங்கள்’ என்று வரும். அது அந்த வீடியோ எடுத்த அறையின் ஐந்து நிமிடம். சித்திரை மதியத்தில் மதுரையில் பளபளப்பு ஓரிரு நிமிடத்தில் போய்விடலாம். ஐப்பசி அடைமழையில் சென்னையில் அதே தாள் கால்மணி நேரம் கழித்தும் மின்னிக்கொண்டிருக்கலாம். துணி காய்வதற்கு உள்ள காரணங்கள்தான் இதற்கும்: வெப்பம், காற்று, காற்றில் ஏற்கெனவே உள்ள ஈரம். மழைநாளில் காற்று நீராவியால் நிறைந்திருப்பதால் தாளின் நீருக்குப் போக இடமில்லை.

இங்கேதான் பருவம் இரண்டு வழியாகப் படத்துக்குள் நுழைகிறது. வெளியே காட்சியை மாற்றுகிறது, பலகைமேல் தாளின் நடத்தையையும் மாற்றுகிறது. அழகான விஷயம், இரண்டும் பெரும்பாலும் ஒரே திசையில் போகின்றன. கோடையில் காட்சியின் ஓரங்கள் கூர்மையாக இருக்கும், தாளும் சட்டென்று காய்ந்து கூரான ஓரத்தையே தரும். மழையிலும் பனியிலும் எல்லாம் கரைந்து தெரியும், தாளும் நெடுநேரம் ஈரமாக இருந்து கரைவுக்கு இடம் தரும். பருவத்தை நிறத்தில் தேடுவதற்கு முன்னால் ஓரத்தில் தேடுங்கள். ஒரே பனைமரத்தை ஒரே கருப்பு நிறத்தால், ஒருமுறை காய்ந்த தாளிலும் ஒருமுறை மங்கல் தாளிலும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று பங்குனி, மற்றது மார்கழி என்று குழந்தைக்கும் தெரியும்.

கோடை: சுண்ணாம்புச் சுவரும் வேப்பமர நிழலும்

நம் கோடையின் மையம் வெயில் இல்லை, நிழல். நிழல் சரியாக விழுந்தால் வெயில் தானாக வந்துவிடும்.

ஓட்டு வீடு, வெள்ளைச் சுவர், அதன்மேல் வேப்பமர நிழல் என்று ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். சுவரில் எதுவும் பூச வேண்டாம். வேண்டுமானால் தண்ணீரில் காவிமஞ்சள், அதாவது யெல்லோ ஆக்கர், ஒரு துளி கரைத்து மேலோட்டமாகத் தடவலாம். ஓடுகளுக்குப் பர்ன்ட் சியன்னா எனும் செம்பழுப்பைப் பால் பதத்தில். முழுக்கக் காயட்டும். பிறகு நிழல் நிறத்தைத் தட்டில் தேவைக்கு இரண்டு மடங்கு கலந்து வையுங்கள்: அல்ட்ராமரீன் முக்கால் பங்கு, மீதியில் பர்ன்ட் சியன்னாவும் துளி ரோஸும். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கப் போனால் திரும்பிவருவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். பலகையை உள்ளங்கை உயரம் தூக்கிச் சாய்த்து, பெரிய தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே ஓட்டத்தில் நிழலை இறக்குங்கள். சுவரைத் தாண்டித் தரையில் விழும் இடத்தில் தூரிகையை எடுக்காமல் சற்றுக் காவிமஞ்சளைச் சேர்த்துத் தொடருங்கள். தரையின் வெப்பம் நிழலுக்குள் ஏறுவது அப்படித்தான் தெரியும். முடிந்ததும் கைவைக்காதீர்கள். நிழலைத் தொட்டுத் தொட்டுத் திருத்தினால் அது சேறாகும், கீழ்ப்படலம் இளகி மேலே கலந்துவிடுவதால்.

கவனித்தால் தெரியும் இரண்டு விஷயம். நிழல், அதை விழச்செய்யும் பொருளுக்கு அருகில் கூர்மையாகவும், தள்ளிப் போகப் போக மங்கலாகவும் இருக்கும். இலைகளின் இடுக்கு எந்த வடிவமாக இருந்தாலும், உயர்ந்த மரத்தின் கீழே தரையில் விழும் சிறு ஒளிப்பொட்டுகள் வட்டமாகவோ நீள்வட்டமாகவோதான் இருக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றும் சூரியனின் உருவம். அவற்றை முக்கோணமாகவும் சதுரமாகவும் விட்டால் படம் ஏனோ பொய்யாகத் தெரியும்.

வானத்தில் அடர்நீலம் வேண்டாம். கத்திரி வெயிலில் தூசியும் வெப்பமும் சேர்ந்து வானம் வெளுத்திருக்கும், அடிவானத்தில் கிட்டத்தட்ட வெள்ளை. அடர்நீல வானம் மழை ஓய்ந்து காற்று கழுவப்பட்ட நாளுடையது.

தாள் சீக்கிரம் காய்வதைச் சமாளிக்க, தாளின் இரண்டு பக்கமும் நனைத்து அக்ரிலிக் பலகையில் அப்படியே ஒட்டவைக்கலாம், பின்புற ஈரம் நெடுநேரம் தாங்கும். கலக்கும் தண்ணீரில் 200 மில்லிக்கு நான்கைந்து சொட்டு கிளிசரின் சேர்ப்பவர்களும் உண்டு. அதற்கு மேல் போனால் படம் காயாமல் பிசுபிசுக்கும். எளிய வழி, தாளைச் சிறிதாக்குவது. 56 × 76 செ.மீ. முழுத் தாளில் எட்டில் ஒரு பங்கு போதும். வெளியே வரையும்போது தாளின்மேல் நேர்வெயில் படவிடாதீர்கள். வெயிலில் தாள் கண்ணைக் கூசச்செய்வதால் எல்லாவற்றையும் வேண்டியதைவிட அடர்த்தியாக வைத்துவிடுவோம். வீட்டுக்குள் கொண்டுவந்தால் படம் இருண்டு கிடக்கும்.

ஆடிக்காற்று

காற்றை நிறத்தால் காட்ட முடியாது, திசையால் காட்ட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் இறங்கும் காற்றில் தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் சீவிவிட்டது போல நிற்கும். தூரிகையைக் காற்று வீசும் திசையிலேயே, வேகமாக, டிரை பிரஷ்ஷாக இழுங்கள். ஒவ்வொரு கீற்றாகத் துல்லியமாக வரைந்தால் காற்று நின்றுவிடும். மேகம் ஓடும் வானத்துக்குப் பளபளப்பு நிலை, ஆனால் காற்றில் அந்த நிலை சீக்கிரம் கழியும். ஸ்பிரே பாட்டிலும் நான்கு கிளிப்பும் கையில் இருக்கட்டும்.

ஐப்பசி மழை: கடைத்தெரு

மழைத்தெரு தொடங்குகிறவர்களைப் பயமுறுத்துகிறது, உண்மையில் கோடையைவிடச் சுலபம். பாதி வேலையைத் தண்ணீரே செய்கிறது.

பென்சிலில் மிகக் குறைவாக: கண்மட்டக் கோடு, கடைவரிசையின் உச்சி, ஒரு பேருந்து, இரண்டு குடை. தாள் முழுதும் நனைத்து, தேக்கம் வடிந்து பளபளப்பு வரும்வரை பொறுங்கள். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் நல்ல சாம்பல் பிறக்கும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் சூடான சாம்பல். கடையில் விற்கும் கருப்பில் தண்ணீர் ஊற்றிய சாம்பலைவிட இது உயிரோடு இருக்கும். நீர்மோர் பதத்தில் வானத்தில் தொடங்கி, நிறுத்தாமல் கடைகளின் வழியே தெருவரை ஒரே பூச்சாக இறக்குங்கள். பேருந்தின் முகப்பு விளக்கு, குடைகளின் மேல்வளைவு, தெருவில் நீர் மின்னும் சில கிடைக்கீற்றுகள் ஆகியவற்றை மட்டும் வெள்ளையாக விடுங்கள்.

இப்போது காத்திருங்கள். தாளின் பளபளப்பு மங்கியதும், கடைகளின் இருட்டைத் தோசைமாவுப் பதத்தில் வையுங்கள். ஓரம் கொஞ்சம் கசியும், கசியட்டும். அதே நிலையில், குடைக்கும் பேருந்துக்கும் நேர் கீழே, தெருவில் செங்குத்தாகத் தூரிகையை இழுத்தால் பிரதிபலிப்பு. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, நிழலைப் போலப் பிரதிபலிப்பையும் சாய்ப்பது. நிழல் விளக்கைப் பொறுத்துச் சாயும், பிரதிபலிப்பு எப்போதும் நேர் கீழே இறங்கும். இருண்ட பொருளின் பிரதிபலிப்பு பொருளைவிடச் சற்று வெளிறியும், வெளிச்சமான பொருளுடையது சற்று மங்கியும் இருக்கும்.

முழுக்கக் காய்ந்தபின், ஐந்தாறு இடத்தில் மட்டும் கூரான ஓரம்: குடைக்கம்பி, நடப்பவரின் தோள், பேருந்துக் கண்ணாடியின் மேல்விளிம்பு, ஒரு மின்கம்பம். எல்லா இடத்திலும் கூராக்கினால் மழை நின்றுவிடும். ஆட்டோவின் மஞ்சளைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருங்கள். சாம்பலான தெருவில் அந்த ஒரு மஞ்சள் முழுப்படத்தையும் தாங்கும்.

மழைக்காலத்தில் தாள் காய ஹேர் டிரையர் பிடிக்கலாம், ஆனால் பளபளப்பு போன பிறகு, ஓரடி தள்ளி. முன்னாலேயே பிடித்தால் காற்று நிறத்தைத் தள்ளிவிடும். பல படலம் வேண்டும் படங்களை வெயில் நாளுக்கு வைத்துக்கொண்டு, மழையில் ஒரே ஈரத்தில் முடியும் படங்களை எடுப்பது நல்லது.

மார்கழி: பனிக்குள் பனைமரங்கள்

மூடுபனிக்கு வெள்ளை நிறம் கலக்கிறார்கள். படம் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடுகிறது. பனி என்பது தூரத்தின் இருட்டைக் குறைப்பது, அவ்வளவே. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்கிற அளவுக்கு ‘வேல்யூ’ என்று பெயர். தூரம் போகப் போக வேல்யூ வெளிறும், நிறம் நீலச்சாம்பல் பக்கம் சாயும்.

மூன்று வரிசைப் பனைமரம் வரைவோம். தாளை நனைத்து, காவிமஞ்சளும் துளி ரோஸும் கலந்த நீர்மோரைக் கீழ்வானில் விடுங்கள், அது காலைச் சூரியன். பளபளப்பு இருக்கும்போதே தூரத்து வரிசையை மெல்லிய நீலச்சாம்பலில் தொட்டால் அது நிழலுருவாக மட்டும் நிற்கும். மங்கல் நிலையில் நடு வரிசை, சற்றுக் கெட்டியாக. மரத்தடியை மட்டும் துணியால் லேசாக ஒற்றிவிடுங்கள், பனி தரையில் படிந்து கிடப்பது போலாகும். காய்ந்தபின் முன்வரிசையில் ஒரே ஒரு மரம், முழு அடர்த்தியில், மட்டையின் சொரசொரப்போடு. மூன்று ஈரம், மூன்று தூரம்.

தையில் அறுவடைக்கு நிற்கும் நெல்லுக்கு எலுமிச்சை மஞ்சள் வேண்டாம். காவிமஞ்சளில் சிறிது சியன்னா. நாற்றங்காலின் பச்சைக்குத்தான் எலுமிச்சை மஞ்சள், அதில் நீலம் மிகக் கொஞ்சமாக.

சரக்கொன்றை பூக்கும்போது

பங்குனி, சித்திரையில் புங்கை புதுத்தளிர் விட்டுப் பளபளக்கும், கொன்றை சரம்சரமாகத் தொங்கும். மஞ்சள் மெல்லிய வேல்யூ கொண்ட நிறம். பச்சையின்மேல் வைத்தால் அது எடுபடாது. எனவே முதலில் பூங்கொத்து முழுவதையும் மஞ்சளாகத் தாராளமாக இறக்கிக் காயவிட்டு, பிறகு சரங்களுக்கு இடையே உள்ள இலையையும் இருட்டையும் மட்டும் வரைய வேண்டும். பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ளதை வரையும் இதற்கு ‘நெகட்டிவ் பெயிண்டிங்’ என்று பெயர். பூ தானாக வெளியே வரும்.

நேரில் வரைய நேரமில்லாதபோது

காட்சி முன்னால் உட்கார்ந்தே முழுப்படத்தையும் முடிக்க வேண்டும் என்பதில்லை. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்னாட்டில் பயணம் செய்தபோது பாபநாசம் அருவி போன்ற இடங்களை நேரில் வரைந்துகொண்டார்கள். அவற்றைக் கொண்டு உருவான அச்சுப்படங்களும் ஓவியங்களும் பின்னர் லண்டனில் முடிக்கப்பட்டவை. நேரில் குறிக்க வேண்டியது: வெளிச்சம் எந்தப் பக்கம், எங்கே அதிக இருட்டு, எந்த ஓரம் கரைகிறது, எந்த ஓரம் கூராக நிற்கிறது. கைப்பேசிப் படத்தில் நிழலெல்லாம் கருப்பாகிவிடுவதால் நிழலின் நிறத்தையும் ஒரு வார்த்தையில் எழுதிவையுங்கள்.

என்ன வாங்குவது

பணத்தை முதலில் தாளில் போடுங்கள். பருத்தியில் செய்த, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள, ‘கோல்டு பிரஸ்’ எனப்படும் மிதமான சொரசொரப்புள்ள தாள். மேலே சொன்ன நான்கு நிலைகளும் மரக்கூழ்த் தாளில் தெளிவாக வராது, பளபளப்பிலிருந்து உலர்வுக்குத் தாவிவிடும். மெல்லிய தாள் நனைந்தால் அப்பளம் போல நெளியும். நல்ல தாளில் நீர் உடனே உறிஞ்சப்படாமலிருக்கப் பசை ஏற்றியிருப்பார்கள், அது ‘சைசிங்’. கடலோர ஊர்களில் மழைக்கால ஈரத்தில் இந்தச் சைசிங் கெட்டு, பூசும்போது அங்கங்கே மை உறிஞ்சும் தாள் போலப் புள்ளிகள் விழும். தாளைக் காற்றுப் புகாத உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

நிறம் ஆறு போதும்: அல்ட்ராமரீன், தாலோ நீலம், எலுமிச்சை மஞ்சள், யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, குயினக்ரிடோன் ரோஸ். அலிஸரின் கிரிம்ஸன் அழகானது, ஆனால் அசல் அலிஸரின் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். தூரிகையில் 12ஆம் எண், 6ஆம் எண் வட்டத் தூரிகைகள், ஓர் அங்குலப் பட்டை ஒன்று. தண்ணீருக்கு இரண்டு டப்பா, ஒன்று அலச, ஒன்று கலக்க. பெட்டியை ஈரத்தோடு மூடினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். தேன் கலந்த நிறங்களை எறும்பும் தேடி வரும்.

இன்றே செய்யக்கூடிய ஒரு சோதனை

ஒரு தாள்துண்டில் உள்ளங்கை அகலக் கட்டம் நான்கு. நான்கையும் ஒரே நேரத்தில் பர்ன்ட் சியன்னாவால், பால் பதத்தில் பூசுங்கள். முதல் கட்டத்தில் தேக்கம் இருக்கும்போதே அல்ட்ராமரீனைத் தோசைமாவுப் பதத்தில் ஒரு கோடு இழுங்கள். இரண்டாவதில் பளபளப்பு நிலையில், மூன்றாவதில் மங்கல் நிலையில், நான்காவதில் புறங்கைக்குக் குளிர்ச்சி போன பிறகு. ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே எத்தனை நிமிடம் ஆனது என்று ஓரத்தில் குறியுங்கள். கீழே வெறும் தண்ணீரால் இதையே இன்னொரு வரிசை செய்தால் ப்ளூம் எந்த நிலையில் பிறக்கிறது என்று கண்முன் தெரியும். தாளின் பின்புறம் தமிழ் மாதம், நேரம், மின்விசிறி ஓடியதா இல்லையா என்று எழுதிவைத்து, மாதம் ஒருமுறை அதே வகைத் தாளில், அதே நிறத்தில் திரும்பச் செய்யுங்கள். சித்திரைத் துண்டையும் ஐப்பசித் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, உங்கள் வீட்டு அறையின் நான்கு நிலைகளும் நிமிடக் கணக்கோடு கையில் இருக்கும்.